கைமாத்துக் குழுவின் பூட்டு

காலை பத்து மணிக்குக் கிட்டுசாமியின் ஒரே ஓவர்லாக் மிஷினில் லூப்பர் ஒடிந்தது. சுண்டுவிரல் நீள இரும்புதான், ஆனால் அது இல்லாமல் ஒரு தையல் விழாது. மாலை ஆறுக்கு லாரி வரும். அதற்குள் நானூறு பனியன் முடியாவிட்டால், இனி வேலை கிடையாது என்று கம்பெனியில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

மிஷின் பழைய மாடல், கடைகளில் லூப்பர் கிடைக்காது. ஆனாலும் அவர் கலங்கவில்லை. 'கைமாத்து' இருக்கிறதே! மூன்று வருடத்துக்கு முன் பதினோரு தையல் யூனிட்டுகளோடு அவர் தொடங்கிய வாட்ஸ்அப் குழு. இன்று தொள்ளாயிரம் பேர். வேண்டியதைக் கேட்டால், வைத்திருப்பவர் "இருக்குங்க" என்று போட்டு நேராகக் கொடுத்துவிடுவார். தரகர் கிடையாது.

"லூப்பர் அவசரம். ஆறு மணிக்குள் நானூறு பீஸ் முடிக்கணும்" என்று போட்டார். பன்னிரண்டாகியும் குழுவில் ஒரு சத்தமில்லை.

"தொள்ளாயிரம் பேருக்கு ஒழைச்சேன். ஒருத்தனுக்காச்சும் நன்றி இருக்குதா? எல்லாம் அந்தப் பிரிசில்லா பண்ணுன வேலை" என்று மனைவி தேவிப்பிரியாவிடம் பொருமினார்.

பிரிசில்லா காங்கேயம் ரோட்டில் ஐந்து மிஷின் வைத்திருப்பவள். யார் எதைக் கேட்டாலும் முதல் "இருக்குங்க" அவளுடையதுதான். போன மாதம் டீக்கடையில் ஒருவர், "கைமாத்தா? பிரிசில்லாக்கா குரூப்புதானுங்களே!" என்றது கிட்டுசாமியின் காதில் விழுந்தது. அன்று பற்றிய வயிற்றெரிச்சல் அணையவே இல்லை. தொடங்கியவன் நான், பேர் அவளுக்கா?

அன்று வீட்டுக்கு வந்ததுமே, இனி அட்மினான தான் மட்டுமே எழுதலாம் என்று குழுவைப் பூட்டினார். கேள்வியும் பதிலும் முதலில் தனக்குத் தனியாக வரவேண்டும், தான் பார்த்துத்தான் குழுவில் போடுவேன் என்று உத்தரவு. இரண்டு நாள் பார்த்துப் போட்டார். பிறகு வேலை மும்முரத்தில் செய்திகள் படிக்கப்படாமல் குவிந்தன. பிரிசில்லாவின் செய்திகளை வேண்டுமென்றே திறக்கவில்லை. வைக்கோல்போர் நாய்க்குப் புத்தி வேறெப்படி இருக்கும்? இன்று பழைய பழக்கத்தில் குழுவையே வெறித்துக்கொண்டிருந்தவருக்குத் தான் போட்ட பூட்டு நினைவிலேயே இல்லை.

இரண்டு மணிக்கு வாசலில் ஸ்கூட்டர் நின்றது. பிரிசில்லா லூப்பரை நீட்டினாள்.

"ஏனுங்ண்ணா, பத்தே காலுக்கே உங்களுக்கு 'இருக்குங்க'ன்னு போட்டனுங்க. நீங்க பாக்கவே இல்லீங்க. போனும் பிஸியாவே இருந்துச்சு. அதான் நானே வந்துட்டேன்."

கிட்டுசாமி அவசரமாகத் தன் செய்திகளைத் திறந்தார். இருநூற்றுப் பதினாறு காத்திருந்தன. லூப்பர் தருவதாக மட்டும் பதினேழு பேர். அவற்றுக்குக் கீழே பல்லடத்துக் காத்தூன் பீவியின் செய்திகள்.

முந்தாநாள்: "தம்பி, மெரூன் நூல் ரெண்டு கோன் வேணும். குரூப்புல போட்டுடுங்க." அன்றே மதியம்: "பாத்தீங்களா தம்பி?" நேற்று: "வேண்டாம் தம்பி. ஆர்டர வேற எடத்துக்குக் குடுத்துட்டாங்க."

பிரிசில்லாவும் படித்தாள். "எங்கிட்டயே ஆறு கோன் கெடக்குதுங்களே" என்றாள் மெதுவாக.

கிட்டுசாமி போனைக் கவிழ்த்து வைத்தார். "உன்ர பேரச் சொல்றாங்கன்னு எனக்குப் பொறுக்குலீம்மா. அதுக்குத்தான் பூட்டுனேன்."

"அத அப்புறம் பேசிக்கலாங்ண்ணா. மொதல்ல லூப்பர மாட்டுங்க, நேரமாவுது."

மாட்டினார். ஆனால் மிஷினை ஓட்டுவதற்கு முன் குழுவின் பூட்டைத் திறந்து, நடந்ததை மறைக்காமல் எழுதினார்:

"காத்தூன் அக்காவின் ஆர்டர் என் பொறாமையால் போனது. மன்னித்துவிடுங்கள். கேட்பவரும் கொடுப்பவரும் நேராகப் பேசிக்கொள்ளும்வரைதான் கைமாத்துக்கு உயிர். பேருக்கு ஆசைப்பட்டு நடுவில் ஒருவன் உட்கார்ந்தால், எல்லோருக்கும் வேலை நின்றுபோகும். கடைசியில் அவன் மிஷினும் நிற்கும்."

அனுப்பிவிட்டு, வரப்போகும் வசவுக்காகக் காத்திருந்தார். முதல் பதில் காத்தூன் பீவியிடமிருந்து வந்தது.

"நானூறும் ஒங்களால முடியாது தம்பி. பாதிய இங்க அனுப்புங்க. என் மிஷின் சும்மாதான் நிக்குது."