நண்பகல் முதல் பழைய பாடல்கள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் எந்த ஊர் வானொலி எதை ஒலிபரப்புகிறதோ, அந்த ஊர்க்காரர்கள் அதன்படிதான் வாழவேண்டும்.

அங்கயற்கண்ணி குடியிருந்த ஊரில் நாள் முழுக்க வானிலை அறிக்கை. பக்கத்து வீட்டு டோரதி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஆல்டன் பகுதியில் நண்பகலில் மாற்றம். எழுபதுகளின் பாடல்கள் நெருங்குகின்றன" என்றாள்.

 ஆல்டனில்தான் கண்ணியின் கணவன் சொக்கலிங்கம் மருந்துக்கடையில் வேலை பார்த்தான். அதுவரை அந்த ஊரில் விளையாட்டு வானொலி. பழைய பாடல்கள் வந்துவிட்டால் அங்கே எழுபதுகள்தான் நடக்கும். சொக்கலிங்கம் பிறந்தது எண்பத்தாறில்.

போன் அடித்துப் பார்த்தாள். ஆட்ட நேரத்தில் அவன் எடுக்கக்கூடாது. காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வழியில் சோகப்பாட்டு நிலையத்தின் எல்லைக்குள் பெட்ரோல் தீரும் நிலைக்கு வந்து, ஒரு பங்க்கில் நிறுத்தினாள். பங்க்காரர் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, "உன்னை விட்டுப் போனது யார்?" என்று கேட்டார். சொல்லி அழாதவர்களுக்கு அங்கே பெட்ரோல் கிடையாது.

"என் வீட்டுக்காரர்" என்றாள். சும்மா சொல்லத்தான் நினைத்தாள். அழுகை நிஜமாகவே வந்துவிட்டது. அவர் டேங்க்கை நிரப்பிவிட்டுத் தன் தொப்பியைக் கழற்றினார்.

ஆல்டனில் மருந்துக்கடை நிரம்பி வழிந்தது. நோயாளிகள் இரண்டு அணியாகப் பெஞ்சில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். சொக்கலிங்கமும் இன்னொரு மருந்தாளுநரும் போட்டிபோட்டு மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஸ்கோர் சமம். முதலாளி கழுத்தில் விசிலோடு நின்றார்.

"என்னங்க, வாங்க போயிடலாம். பன்னெண்டு மணிக்கு ஸ்டேஷன் மாறுதாம்."

"விசில் அடிக்கட்டும் கண்ணி. நடுவுல போனா தப்பு."

"விசில் அடிக்கும்போது நீங்க பிறந்திருக்கவே மாட்டீங்க!"

அவன் தலையைக் குனிந்து எண்ணிக்கொண்டே இருந்தான். கண்ணி கவுண்ட்டருக்கு மேலே கையை நீட்டி, எதிராளியின் மாத்திரைத் தட்டைத் தட்டிவிட்டாள். கடை முழுக்க வெள்ளை மாத்திரைகள் உருண்டோடின. முதலாளி விசிலை ஊதினார். அவன் தரப்பு ஆள் செய்த தப்புக்காக, சொக்கலிங்கத்தின் முகத்துக்கு நேரே சிவப்பு அட்டையை நீட்டினார்.

அதன்பிறகு அவன் அங்கே நிற்க முடியாது. வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு, பெஞ்சுகளின் கூச்சலுக்கு நடுவே வெளியே வந்தான்.

காரில் ஏறியதும், "இந்த வருஷத்துல இன்னிக்குத்தான் ஜெயிக்கிற மாதிரி இருந்துச்சு" என்றான். 

கண்ணி காரைக் கிளப்பினாள்.  ஊர் எல்லைப் பலகையை எட்டும்போது முதல் பாட்டின் கிட்டார் தொடங்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.

திறந்து பார்த்தபோது அவன் பக்கத்தில் இருந்தான். அவன் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

காரின் முன்பாதி மட்டுமே பலகையைத் தாண்டியிருந்த நேரத்தில் மணி பன்னிரண்டாகியிருக்கிறது. பின்பாதி இப்போது மரப்பலகை பதித்த எழுபதுகளின் நீளக் காராக இருந்தது. அங்கே பெரிய கிருதா வைத்த ஒருவர் மடியில் தர்பூசணியோடு உட்கார்ந்திருந்தார்.

"காற்று பலமாக அடிக்கிறது. கண்ணாடியை ஏற்ற முடியுமா?" என்றார்.

சொக்கலிங்கம் திரும்பிப் பார்த்து, "அந்தப் பக்கக் கைப்பிடியைச் சுற்றுங்கள்" என்றான்.

அவர் தர்பூசணியை அவனிடம் கொடுத்துவிட்டுச் சுற்றத் தொடங்கினார்.