யாரிடம் சொல்லிவிட்டுப் போவது

அந்த வாரம் எங்கள் மலையடி ஊரான கில்டோரனில் பாதிப் பேருக்குக் கடிதம் வீடு மாறி வந்தது. பதினேழு வருஷமாகத் தபால் வண்டி ஓட்டும் மார்சலி அப்படித் தப்புச் செய்கிறவள் இல்லை. எனக்கு வந்த கண் ஆஸ்பத்திரிக் கடிதம் போதகர் வீட்டில் கிடந்தது. வாங்கி வரப் போனபோது, சனிக்கிழமை வானம் தெளியுமாம், அதனால் மார்சலிக்கு இருப்புக் கொள்ளவில்லை என்று போதகரின் மனைவி சொன்னாள்.

எதற்கென்று நான் கேட்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் மார்சலி ஏறாத மலை ஒன்றுதான் பாக்கி. லீரா. எந்தச் சாலையிலிருந்து கிளம்பினாலும் போய் வர ஒரு முழுப் பகல் வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை போனாள். ஏழு மணிக்குத் திரும்புவேன், வராவிட்டால் மீட்புக் குழுவைக் கூப்பிடு என்று தாளில் எழுதித் தம்பி டார்கிலிடம் கொடுத்திருந்தாள். அவன் ஐந்தரைக்கே கூப்பிட்டுவிட்டான். மூடுபனியால் பாதியில் திரும்பிய மார்சலி ரொட்டியைக் கடித்துக்கொண்டு இறங்கி வருகிறாள், தலைக்கு மேல் ஹெலிகாப்டர். குழுவில் இருப்பவர்கள் எல்லாம் நம் ஊர்க்காரர்கள்தான். பன்னிரண்டு பேர் செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் அவள் தம்பியிடம், "நான் செத்தாத்தான் உனக்கு நிம்மதியா?" என்று கேட்டாள். அவன் தாளை அவள் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டான். தொண்ணூறு வீடுள்ள ஊரில் அதன்பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. கிறிஸ்துமஸ் பரிசுகூட டார்கிலின் மனைவி இஷ்பெல் கை வழியாகத்தான் போகும், வரும்.

புதன்கிழமையே சாப்பாட்டு மேஜை முழுக்க வரைபடத்தை விரித்துவிட்டாள் மார்சலி. இரண்டு மழைக்கு நடுவே ஒரே ஒரு நாள் இடைவெளி. செப்டம்பர் கடைசி, ஏழு மணிக்குச் சூரியன் போய்விடும். முதல் ஒன்பது கிலோமீட்டர் சைக்கிள், பிறகு நடை. ஐந்துக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு வந்தது. ஆனால் மான் வேட்டைப் பருவம். வேட்டை நிலமான எஸ்டேட்டின் பொறுப்பாளர் ஹெக்டரைக் கூப்பிட்டுக் கேட்டாள். சனிக்கிழமை தெற்குச் சரிவில் துப்பாக்கி இருக்கும், வடக்கே எங்கள் எல்லைக்கு வெளியே உள்ள ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய்க்கொள் என்று அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அதில் இரண்டு மணி நேரம் கூடிவிட்டது. திரும்ப ஏழாகும்.

அந்த இரண்டு மணி நேரத்தைக் குறைக்க அவள் படாத பாடு பட்டாள். பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தாள், மறுபடி வைத்தாள். மதியச் சாப்பாடு நின்றுகொண்டே என்றாள். வானிலை அறிக்கையை மணிக்கொரு தரம் பார்த்தாள். வண்டி ஓட்டும்போதும் உதடு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

எல்லாம் முடிந்தும் ஒன்று மிச்சம் நின்றது. வழியும் நேரமும் எழுதிய தாளை யாரிடம் கொடுப்பது? வீட்டில் அவள் ஒருத்திதான். பக்கத்து வீட்டுக்காரி மகள் பிரசவத்துக்கு இன்வர்னெஸ் நகரத்துக்குப் போயிருந்தாள். காரின் கண்ணாடியில் செருகிவிட்டுப் போனால் அதை யார் பார்ப்பார்கள்? கடைசியில் என்னிடம் வந்தாள்.

"எனக்குக் காது மந்தம், கண்ணும் போயிட்டிருக்கு. உன் தம்பிகிட்ட குடு," என்றேன்.

தாளை மடித்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம் நடந்ததை அவளும் இஷ்பெலும் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மதியம் டார்கிலின் பட்டறைக்குப் போயிருக்கிறாள். அவன் ஒரு படகு இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தான். பூட்ஸை மட்டும் பார்த்துவிட்டு, "தபாலா?" என்றான்.

"இல்ல." தாளைக் கருவிப்பெட்டியின் மேல் வைத்தாள். "எட்டுக்கு முன்னாடி யாரையும் கூப்பிடாதே. போன தடவை மாதிரி…"

"போன தடவையைப் பேச வந்தியா, பேப்பரைக் குடுக்க வந்தியா?"

"பேப்பரை."

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தான். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இந்தப் பாலம் இல்லக்கா."

"மேப்புல இருக்கே."

"மேப்புல இருக்கும். ஆத்துல இல்ல. பிப்ரவரி வெள்ளத்துல போயிடுச்சு. ரெண்டு கரையிலயும் கல்லு மட்டும் நிக்குது."

"ஹெக்டருக்கே தெரியல, உனக்கு எப்படித் தெரியும்?"

தேநீர் கொண்டுவந்த இஷ்பெல் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவன் இருவரையும் பார்க்காமல், "ஜூன்ல போயிருந்தேன்," என்றான்.

"யாரோட?"

"தனியாத்தான்."

"யார்கிட்ட சொல்லிட்டுப் போனே?"

அவன் மறுபடி கையைத் துடைத்தான். இஷ்பெல்தான் சொன்னாள். "எங்கிட்ட உதிரி பாகம் வாங்க இன்வர்னெஸ் போறேன்னு சொன்னாரு."

மார்சலிக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கு ஹெலிகாப்டர் அனுப்பின ஆளு!"

டார்கிலின் காது சிவந்துபோயிற்று. "நான் கூப்பிட்டது சரியா தப்பான்னு மூணு வருஷமா மண்டையைக் குடையுதுக்கா. நீ நின்ன இடத்தைப் பாத்தா தெரியும்னு வடக்கு வழியா போனேன். ஆத்தைத் தாண்ட முடியல, வந்துட்டேன்."

இஷ்பெல் தேநீரைக் கருவிப்பெட்டியின் மேல் வைத்தாள். பிறகு அவன் பென்சிலைத் தேடி எடுத்தான். பாலம் இல்லாத ஆற்றை எங்கே கடப்பது என்று இரண்டு தலைகளும் தாளின் மேல் கவிழ்ந்தன. தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் திரும்புவது. ஒன்றரைக்குள் உச்சிக்கு அருகே வராவிட்டாலும் திரும்புவது. இருவராகப் போவது என்று யாரும் சொல்லவில்லை, முடிவாகிவிட்டிருந்தது. இஷ்பெல் தாளை உருவி எடுத்துக்கொண்டாள்.

"இது எங்கிட்ட இருக்கட்டும். ஏழரைன்னா ஏழரை. அதுக்கு மேல நான் யார் பேச்சையும் கேக்க மாட்டேன்."

சனிக்கிழமை ஆற்றுத் தண்ணீர் முழங்காலைத் தொட்டுக்கொண்டு ஓடியது. மார்சலி கரையில் மேலும் கீழும் நடந்தாள். ஆறு விரிந்து மணல்திட்டைச் சுற்றிப் பிரியும் இடத்தைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிஷம் போயிற்று. ஒருவர் பைவாரை ஒருவர் பிடித்துக்கொண்டு கடந்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் திரும்பிய பாறைக்கு வந்தபோது மணி ஒன்றரை. அன்று பனி, இன்று உச்சி பளிச்சென்று தெரிந்தது. இன்னும் ஒரு மணி நேரம்.

"போயிடலாம்க்கா. இறங்கறப்ப வேகமா வந்துடலாம்," என்றான் டார்கில். எப்போதும் பயப்படுகிற அவன்.

மார்சலி ஐந்து நிமிஷம் அந்த உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கால் முன்னால் போகத் துடித்தது என்று என்னிடம் சொன்னாள். பிறகு, "அன்னைக்கு எத்தனை மணிக்குப் பயப்பட ஆரம்பிச்சே?" என்று கேட்டாள்.

"மூணு மணிக்கு. இங்க பனி இறங்கினது கீழேருந்து தெரிஞ்சுது."

"ரெண்டரை மணி நேரம் பொறுத்திருக்கே."

"ஆமா."

"எனக்கு அது தெரியாதுடா." பையின் வாரை இறுக்கிக்கொண்டாள். "வா, இறங்கலாம். இஷ்பெல் தனியா இருப்பா."

அவன் இன்னும் ஒருமுறை உச்சியைப் பார்த்தான். அவள் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

ஆறே கால் மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, சைக்கிள்கள் சாலையைத் தொட்டன. அங்கே இஷ்பெலின் கார் நின்றது. நான்கு மணியிலிருந்து அங்கேதான் இருக்கிறாள். வீட்டில் உட்கார முடியவில்லையாம். ஏறினீர்களா என்று அவள் கேட்கவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு சைக்கிளைக் கட்டக் கயிறு எடுத்தாள். மே மாதம் கூடாரத்தோடு இரண்டு நாளாகப் போனால் நேரம் தாராளமாக இருக்கும் என்று டார்கில் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தான். முதலில் வாயை மூடு, குளிர்கிறது, கண்ணாடியை ஏற்று என்றாள் மார்சலி.