மின்னும் சுவரின் திறப்பு விழா

இருளுக்கு எதிராக மனித குலம் நடத்திவரும் நெடும் போரில் ஒரு புதிய அத்தியாயம் ஒரகடத்தில் தொடங்கியது. அழைப்பிதழில் அப்படித்தான் அச்சிட்டிருந்தார்கள். அத்தியாயம் தொடங்கிய சுவர், இரண்டாம் ஷெட்டில் கழிப்பறைக்குப் போகும் வழியில் இருந்தது என்பதை மட்டும் அச்சிடவில்லை.

கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் தொழிற்சாலை அது. விளக்கை அணைத்தால் தானாக மின்னும் ஓவியம் ஒன்றைச் சுவரில் வரையவைத்தால் தொழிலாளர் உள்ளத்தில் ஒளி பிறக்கும் என்று மனிதவள மேலாளர் ரிச்சர்டுக்குத் தோன்றியது. ஸ்லைடு ஸ்லைடாகப் போட்டுத் தலைமை அலுவலகத்தை நம்பவைத்தார். அவர்கள் சம்மதித்து, கூடவே ஒரு வரியும் சேர்த்தார்கள்: நேரில் வந்து பார்ப்போம், சரியில்லையென்றால் உங்களுக்குக் குஜராத் கிளைக்கு மாற்றல். ரிச்சர்ட் மணிமங்கலத்தில் வீடு கட்டி, சர்ச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்து, அப்போதுதான் குடி போயிருந்தார்.

வரைந்தவள் ஜோவிதா. தண்டலம் பக்கத்துப் பள்ளிச் சுவர்களில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்து பழகியவள். வெள்ளை அடித்து, மின்னும் பெயின்ட்டை அடியில் மாவு தங்காமல் கலக்கிக் கலக்கி கோட்டின்மேல் கோட்டாக ஏற்றினாள். கீழே ஏரி, ஏரியில் மீன், அதற்கு மேல் நாணல், நாணலுக்கு மேல் பறவைகள். உச்சியில் இருந்த கம்பெனி லோகோவும் நிர்வாக இயக்குநரின் பொன்மொழியும் ரிச்சர்டின் கற்பனை.

வேலை முடிந்ததும் சுவருக்குக் கறுப்புத் திரை போடச் சொன்னார் ரிச்சர்ட்.

“வேணாம் சார். இந்தப் பெயின்ட்டு வெளிச்சத்தக் குடிச்சிகினாதான் இருட்டுல மின்னும். மூடி வெச்சா பட்டினி கெடக்கும்.”

“திரை இல்லாம திறப்பு விழாவா? அப்புறம் வந்தவங்க எதைம்மா திறப்பாங்க?”

“அன்னிக்குக் காலைலயாச்சும் கொஞ்ச நேரம் கழட்டிடலாம் சார்.”

“பாக்கலாம், பாக்கலாம்.”

பார்க்கவில்லை. விழா அன்று ஜோவிதா வந்தபோது திரைக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு செக்யூரிட்டி அதிகாரி தாமஸ் காவல் இருந்தார். “மேடம் கைதான் மொதல்ல படணும்னு சார் ஆர்டர்மா. நீ தொடாத,” என்றார்.

ஷெட்டுக்குள் போன் கூடாது என்பது ரிச்சர்ட் போட்ட விதி. பிடிபட்டால் சஸ்பென்ஷன். விழாவுக்காக அதை விருந்தினர் வரை நீட்டி, ‘மேலிருந்து கீழ்வரை ஒரே சட்டம்’ என்று வாசலில் பலகை வைத்திருந்தார். ஜோவிதாவின் போன் கேட்டில் ஒரு கூடையில் கிடந்தது.

பூனா தலைமை அலுவலகத்திலிருந்து மஞ்சுளா மேடம் வந்து இறங்கினார். சுவர் இருந்த, ஜன்னல் இல்லாத உள்கூடத்தில் தொழிலாளர்களை நிற்கவைத்து, அவர்கள் கால் மாற்றி மாற்றி நிற்கும்வரை ரிச்சர்ட் ஒளியைப் பற்றிப் பேசினார். மேடம் ரிப்பனை வெட்டினார். விளக்குகள் அணைந்தன. திரை விழுந்தது.

கிளம்பிய கைதட்டல் பாதியில் நின்றது.

“ஏ பிள்ள, கறுப்புத் துணிய எடுத்துட்டுக் கறுப்புச் செவரக் காட்டுதாவ!” தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் முப்பிடாதியின் குரல். கூடமே சிரித்தது.

“லைட்டைப் போடுப்பா!” என்றார் ரிச்சர்ட்.

“ஒடனே வராது சார்,” என்றார் எலக்ட்ரீஷியன். “பழைய லைட்டு. சூடு ஆறினாதான் மறுபடி புடிக்கும். கால் மணி நேரம் ஆவும்.”

“எனக்கு ஃப்ளைட் இருக்கு, ரிச்சர்ட்,” என்றார் மேடம்.

அந்தக் கும்மிருட்டிலும் ரிச்சர்டுக்குக் குஜராத் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

ஜோவிதா அவர் பக்கத்தில் வந்தாள். “போன் டார்ச் கெடச்சா ரெண்டு நிமிஷத்துல ஏத்திடலாம் சார்.”

“இங்க யார்கிட்டயும் போன் கிடையாதும்மா.”

“சும்மா கேட்டுத்தான் பாருங்களேன்.”

ரிச்சர்ட் தொண்டையைச் செருமினார். “யாராவது, தவறுதலா, போன் வெச்சிருந்தா... எடுக்கலாம்.”

ஒருவரும் அசையவில்லை.

“எடுத்தா சஸ்பென்ஷனா சார்?” என்றாள் முப்பிடாதி.

“இல்லம்மா.”

“மைக்ல சொல்லுங்க சார். நாளைக்கிப் பேச்சு மாறப்பிடாது.”

மைக்கில் சொன்னார். அப்போதும் யாரும் நம்பவில்லை. கடைசியில் முதல் வெளிச்சம் சுவருக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது. தாமஸ் தன் சாக்ஸுக்குள்ளிருந்து போனை உருவியிருந்தார்.

“பொண்ணு மாசமா கீறா சார். எந்த நேரமும் கூப்புடுவா.”

அதற்கப்புறம் ஷூவிலிருந்து, கையுறையிலிருந்து, துப்பட்டா மடிப்பிலிருந்து, சாப்பாட்டுப் பையிலிருந்து என்று போன்கள் முளைத்தன. மேடத்தின் கைப்பையிலிருந்தும் ஒன்று.

“செவுத்துகிட்ட வாங்க! ஒட்டிப் புடிங்க! அக்கா, அந்த மீனுக்குக் கொஞ்சம் காட்டுங்க!” ஜோவிதா கத்திக்கொண்டே ஓடினாள். “போதும், எல்லாரும் அணைங்க!”

ஏரி பச்சையாகப் பொங்கி எழுந்தது. மீன்கள் மிதந்தன. நாணல் பாதி உயரம்வரை தெரிந்தது. கை எட்டிய இடம் அவ்வளவுதான். பறவைகளும் லோகோவும் பொன்மொழியும் இருட்டிலேயே நின்றன.

“ஆத்தாடி,” என்றாள் முப்பிடாதி.

ரிச்சர்ட் மனதுக்குள் ஜெபமாலை உருட்டினார்.

“கம்பெனி பேரை இருட்டில் விட்டுட்டு, தொழிலாளர் கையாலேயே அடியிலிருந்து வெளிச்சம்!” மேடம் கைதட்டினார். “என்ன ஒரு பணிவு! இதை ஒரு ஸ்லைடில்கூட நீங்க சொல்லலையே, ரிச்சர்ட்?”

“சொல்லாம காட்டணும்னு நெனச்சேன் மேடம்.”

குஜராத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மேடம் காரில் ஏறும்போது சொன்னார். ரிச்சர்ட் கேன்டீனுக்குப் போய், காலையிலிருந்து தொண்டையில் இறங்காத இட்லியில் நாலை டீயோடு சேர்த்து உள்ளே தள்ளினார். முப்பிடாதியின் கூட்டம் அரட்டையடித்தபடி லைனுக்குத் திரும்பியது. தாமஸ், கேட்டில் யாரையும் தடவிப் பார்க்காமல், எல்லோருக்கும் சல்யூட் அடித்தார். ரிச்சர்ட் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்; ஒருவருக்கும் சஸ்பென்ஷன் இல்லை.

கூடத்தில் அன்று வெளியே வராத போன் ஒன்றுதான். அது ரிச்சர்டின் கால்சட்டைப் பையில் இருந்தது.