ஆறு நொடி

எங்கள் கம்பெனியின் பெட்டி ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இருக்கும். நோயாளி பொத்தானை அழுத்தினால் நர்ஸ் மேஜையில் மணி அடிக்க வேண்டும். சில சமயம் ஆறு நொடி தாமதமாக அடிக்கிறது என்று சோதனைப் பிரிவுப் பெண் பதினோரு தடவை புகார் எழுதினாள். பதினொன்றையும் 'கேபிள் கோளாறு' என்று மூடினார் மேனேஜர். எதற்கெடுத்தாலும் 'பாத்துக்கலாம்' என்பார். நாங்கள் அவருக்கு வைத்த பெயரும் அதுதான். வீண் புகார் எழுதுகிறாளாம், இன்று நாலு மணிக் கூட்டத்தில் அவளை வேலையைவிட்டு அனுப்பப் போகிறார்கள்.

காலையில் என் மேஜை முன்னால் வந்து நின்றாள். "அண்ணா, ஒரே ஒரு தடவை டிரைவரைத் தொறந்து பாருங்க. நான் பொய் சொல்லலை."

டிரைவர் என்றால் நெட்வொர்க் கார்டை இயக்கும் நிரல். திறந்தேன். கேபிள் லேசாக ஆடினால் போதும், இணைப்பு வந்ததா, வந்ததா என்று கார்டையே நச்சரித்துக்கொண்டு நிற்கிறது. அதுவரை வேறெதற்கும் வழிவிடுவதில்லை. கழிப்பறைக்குள் தாழ்போட்டுக்கொண்டு செல்போன் பார்க்கிற ஆள் மாதிரி. வெளியே மணி காத்துக் கிடக்கிறது.

இது முட்டாள்தனம், தொலையட்டும். அடுத்த வரியைத்தான் இரண்டு தடவை படித்தேன். இப்படி மாட்டிக்கொண்டால் கணினி தானாகவே எச்சரிக்கை எழுதும். யாரோ ஒரு புண்ணியவான் தாமதத்தை விட்டுவிட்டு எச்சரிக்கையின் வாயைப் பொத்தியிருந்தான்.

ஒருமுறை கேட்டுவிட்டு விலகி, கொஞ்சம் கழித்து மறுபடி கேட்கும்படி மாற்றினேன். இருநூறு தடவை கேபிளை ஆட்டிப் பார்த்தேன். அத்தனை தடவையும் மணி உடனே அடித்தது.

மேனேஜரிடம் காட்டினேன். "சூப்பர்! வேகத்தைக் கூட்டினோம்னு போட்டுடு. பழைய கதை எதுக்கு?"

"அந்தப் பொண்ணு வேலை?"

"பாத்துக்கலாம்."

என் மேஜைக்குத் திரும்பினேன். எச்சரிக்கையை அணைத்தது யாரென்று நிரலின் பழைய மாற்றப் பதிவைத் தோண்டினேன். சாட்சாத் நம்ம 'பாத்துக்கலாம்'தான். அதன் கீழே, 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் என் பெயர். முந்நூறு வரி மாற்றத்தை அவர் அனுப்பிய நாற்பதாவது நொடியில் நான் 'சரி' போட்டிருந்தேன். சீ என்றிருந்தது.

மூன்றரைக்கு டைரக்டர் உட்பட எல்லாருக்கும் எழுதினேன்: கோளாறு என்ன, பதினோரு தடவை சொன்னது யார், எச்சரிக்கையை அணைத்தது யார், படிக்காமல் சரி போட்டது யார். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. நாலு மணிக் கூட்டம் உண்டு; அவளுக்கு அல்ல, எனக்கும் மேனேஜருக்கும்.

அவள் வந்தாள். நன்றி சொல்வாள் என்று அசட்டுத்தனமாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நிஜமாவே படிக்காமலா போட்டீங்க?"

"ஆமா."

"சரிங்க சார்" என்று போய்விட்டாள். காலையில் நான் அண்ணாவாக இருந்தேன்.