வெள்ளைச் சட்டையின் வெளிச்சம்

கட்டட வடிவமைப்பாளருக்கு அவர் அலுவலகத்தில் வைத்திருந்த பெயர் சூரியனார். முதுகுக்குப் பின்னால்தான். மேடை ஏறினால் சூரியனை இழுக்காமல் இறங்க மாட்டார். முகத்தில் ஆறு விளக்குகள் அடிக்க, "பகலில் விளக்கு எரிப்பது பாவம்" என்பார். உடுப்பதும் தலை முதல் கால் வரை வெள்ளை.

ஒரு நிறுவனத்துக்காக அவர் கட்டிய புது அலுவலகத்துக்கு இயற்கை ஒளிச் சான்று வாங்க வேண்டியிருந்தது. முகப்பு முழுக்கக் கண்ணாடி. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் குறுக்கே ஆளுயரத்துக்கு மேல் ஒரு கல் சுவர், அதில் அவரே வரைந்து கொடுத்த அலைகள். வருகிற விருந்தாளிகளை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுப்பார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. சுவருக்குப் பின்னால் கணக்குப் பிரிவு, அலைகள் மிச்சம் வைத்த வெளிச்சத்தில் பிழைத்துக்கொண்டிருந்தது.

அளக்க வந்த பொறியாளர் வேறு யாருமில்லை, அவருடைய கொழுந்தியாள்.

"வாம்மா! நம்ம வீட்டு ஆளையே அனுப்பிட்டாங்க. பாதி வேலை முடிஞ்சுது."

"அத்தான், உறவைச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். சந்தேகம்னா வேற ஆள் வந்து திரும்ப அளப்பாங்க. முதல்ல விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லுங்க."

"அணைச்சாச்சு. நம்ம கட்டடத்துக்கு விளக்கு எதுக்கு?"

"கணக்குப் பிரிவுல ஒரு மேசையில வெளிச்சம் நூத்தம்பது லக்ஸுக்குக் கீழ போனாலும் சுவரை எடுத்துடறேன்னு முதலாளி சம்மதிச்சிருக்கார். தெரியும்ல?"

தெரியும். அதனால்தான் காலையிலிருந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கறுப்பு உடையில் இருந்தாள். ஒளிமானியின் உணரியை மேசைமேல் வைத்துவிட்டு, கம்பி நீளத்துக்குத் தள்ளி நின்று அளவைப் படித்தாள். சூரியனார் ஒவ்வொரு மேசைக்கும் நிழல்போல ஒட்டிக்கொண்டு போனார். நிழல் என்று சொல்வதுகூடத் தப்பு. கடைசி ஒன்றைத் தவிர எல்லா மேசையும் நூற்றைம்பதை ஒட்டித் தேறின.

கடைசி மேசையில் எண் நூற்று நாற்பத்து மூன்றில் நின்றது. பதறிப்போய் அவர் குனிந்தார். எண் நூற்று ஐம்பத்தொன்றுக்கு ஏறியது. நிமிர்ந்தார், இறங்கியது.

அவருக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் என்ன? அளக்கும்போது வெளிர் நிற உடையில் பக்கத்தில் நிற்கக் கூடாது, உடை ஒளியைத் திருப்பி அடிக்கும் என்று மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான். சுவரை ஒருமுறை நினைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.

"என்ன அத்தான், அப்படி நிக்கறீங்க?"

"இடுப்புப் பிடிப்பு."

அந்த மேசைக்குரிய கணக்கர் அம்மாள் அதுவரை ரசீதுகளைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போது முகம் மலர்ந்து நிமிர்ந்தாள்.

"சார், அப்படியே நில்லுங்க சார். நீங்க குனிஞ்சப்புறம்தான் இது மூணா எட்டான்னு தெரியுது. தினமும் இந்த நேரத்துக்கு வர முடியுமா?"

கேலி செய்திருந்தால் ஒரு முறைப்பில் முடித்திருப்பார். அவள் உண்மையாகவே கேட்டாள். பதிலுக்காகக் காத்திருந்தாள் வேறு.

கொழுந்தியாள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

சூரியனார் நிமிர்ந்து, கதவோரம் வரை பின்னால் போனார். "இப்ப அளந்துக்கோ. முதல்லேருந்து, எல்லா மேசையும்."

அவள் முதல் மேசைக்குப் போய் உணரியை வைத்தாள். அவர் இல்லாத மேசைகள் ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டே வந்தன.

"இடுப்புப் பிடிப்புன்னீங்களே, உக்காருங்க சார்." கணக்கர் அம்மாள் தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். மறுக்க வழியில்லை, பொய் சொன்னவர் அவர்தானே. உட்கார்ந்தார்.

எதிரே அவருடைய சுவரின் முதுகு. பூச்சுகூட இல்லாத வெறும் சிமெண்டு. இந்தப் பக்கத்துக்கு அவர் எதுவும் வரைந்து கொடுத்திருக்கவில்லை.

"குறைவுன்னே எழுதிக்கோம்மா," என்றார். "நான் குனிஞ்சு நின்னதை உங்க அக்காகிட்ட மட்டும் நீ சொல்லாத. நானே பக்குவமா சொல்லிக்கறேன்."