பன்னிரண்டு மணி நிழல்

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து பிறந்தது. தப்பு என்னுடையது. முதலில் இப்படித்தான் ஆரம்பித்திருந்தேன்:

"1943. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ். கொல்லையில் இராமலிங்கம் நின்றுகொண்டிருந்தான். மணி பன்னிரண்டு. அவன் நிழல் அவன் காலடியிலேயே—"

என் தோழி சௌதா அதற்கு மேல் படிக்கவில்லை. மஸ்ஜித் இந்தியா தெருவில் துணிக்கடை வைத்திருப்பவள். கதையையும் துணி மாதிரி இழுத்துப் பார்ப்பாள்.

"யுத்தத்துல ஜப்பான்காரன் இந்த ஊரப் பிடிச்சதும் கடிகாரத்த எல்லாம் டோக்கியோ டைமுக்கு மாத்திட்டான் லா. ஒன்றரை மணி நேரம் முன்னால. அப்புறம் பன்னெண்டு மணிக்கு எப்படி நிழல் காலடியில விழும்? இங்க முன்னாலேயே உச்சி பன்னெண்டே முக்காலுக்குத்தான்; இப்ப ரெண்டு மணிக்கு மேல."

எரிச்சலாக வந்தது. (அவள் சொன்னது சரி என்பதால் வந்த எரிச்சல்.) வரியை அடிக்கப் பேனாவை எடுத்தேன். அப்போதுதான் தோன்றியது: இதை நான் ஏன் சுமக்க வேண்டும்? இராமலிங்கத்தின் தலையில் கட்டிவிட்டால் என்ன?

2

இராமலிங்கம் ரயில்வே ஆபீஸில் வரைபடம் போடுபவன். பாலம், தண்டவாளம் எல்லாம் வரைவான். செடி வைக்கத் தெரியாது. அரிசி கிடைக்காமல் ஊரே கொல்லையைக் கொத்திக்கொண்டிருந்தபோது, அவன் மட்டும் மண்வெட்டியைத் தொடாமல் தாளை விரித்தான்.

கிழக்கே ரயில்வேயின் உயரமான சுவர். மேற்கே பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரம். கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தைக் கீரைக்குக் கொடுத்தான். வேலிக்குப் பயற்றங்காய்க் கொடி. மரவள்ளி உயர்ந்து மற்றதை மறைக்கும் என்று யாரோ சொல்ல, அதை ஓரத்துக்குத் தள்ளினான். நடைபாதைக்கு எவ்வளவு இடம் விடுவது? தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு தானே இங்கும் அங்கும் திரும்பிப் பார்த்து, கால் நனைந்த திருப்பங்களில் எல்லாம் படத்தில் பாதையை வளைத்து அகலப்படுத்தினான். இதை எழுதும்போது எனக்கே குஷியாகிவிட்டது. எழுந்துபோய் என் வீட்டு வாளியைத் தூக்கிப் பார்த்தேன்.

பாக்கி இருந்தது பச்சைப்பயறு. அதற்கு நல்ல வெயில் வேண்டும்.

3

ஆபீஸில் சங்கு ஊதியதும் சாப்பிட வீட்டுக்கு வருவான். மணி பன்னிரண்டு. நிழல் எங்கே விழுகிறதோ அங்கே முளை அடித்துக் கயிறு கட்டினான். சுவரோரம் நிழல். உச்சியிலேயே நிழல் என்றால் நாள் முழுக்க நிழல்தான், மஞ்சள் போடலாம். ரம்புத்தான் பக்கம் பளீர் வெயில். பயறு அங்கே.

உண்மையில் அது பழைய கடிகாரக் கணக்கில் பத்தரை மணிக் காலை வெயில். அவன் ஆபீஸுக்குத் திரும்பிய பிறகுதான் உச்சி வந்தது. அதன்பின் மரம் பயற்றுப் பாத்தியை மொத்தமாக மூடிக்கொண்டது.

"ரயில்வேகாரனுக்கு டைம் மாறினது தெரியாதா? நல்லா விடுற கதை," என்றாள் சௌதா.

தெரியும். வேலைக்குப் போகத் தெரியும். ஆனால் பன்னிரண்டு என்றால் உச்சி என்று பள்ளிக்கூடத்தில் மண்டையில் ஏறியதை யாரும் மாற்றி வைக்கவில்லையே.

"ஞாயித்துக்கிழமை பாத்திருப்பானே?"

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைக் கிழங்கு தேடக் கிள்ளானுக்கு அனுப்பினேன்.

"சரி, பொண்டாட்டி? அவ வீட்லதானே இருக்கா?"

இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

4

அவன் மனைவி சீதாலெட்சுமி கொல்லையை ஒரு மத்தியானம் எட்டிப் பார்த்தாலும் கதை முடிந்தது. ஆகவே அவளை எழுந்திருக்க முடியாமல் செய்தேன். பெரிபெரி.* கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. பயறு கொடுத்தால் வடியும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். இராமலிங்கம் அவளுடைய கல்யாணப் புடவையைக் கிள்ளானில் கொடுத்து ஒரு டம்ளர் பயறு வாங்கிவந்தான். பாதியை விதைத்தான். பாதியைக் கொஞ்சம் கொஞ்சமாக வேகவைத்துக் கொடுத்தான்.

செடிகள் வெளிறிப்போய் நெட்டையாக வளர்ந்தன. பூக்கவே இல்லை.

அவளுக்கு மூச்சு வாங்கிய அன்று அவன் வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் நாலு மணிக்குத் தண்ணீர் எடுக்கக் கொல்லைக்கு வந்தவன் அப்படியே நின்றான். பயற்றின் மேல் நிழல். சுவரோரம் மஞ்சள் செடிகள் வெயிலில் கருகிக்கொண்டிருந்தன.

"அட, மடையா," என்று தன் தலையில் அடித்துக்கொண்டான்.

அன்றே புதுப் படம் வரைந்தான். இந்த முறை சரியான படம். அதையும் மிச்சமிருந்த ஒரு பிடி பயறையும் அவளிடம் கொண்டுவந்தான்.

"சீதா, இப்ப இடம் தெரிஞ்சிடுச்சு. இத விதைச்சா ரெண்டு மாசத்துல படி கணக்குல எடுக்கலாம்."

"ரெண்டு மாசமா?" என்றாள் அவள்.

* 'இந்த நோயைக் கொடுத்தது யுத்தம்' என்று எழுதி அடித்துவிட்டேன். கொடுத்தவன் நான். கதைக்கு வசதியாக இருந்தது.

5

முடிவு ஒன்று: விதைக்கிறார்கள். காய்க்கிறது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து முதல் காயைப் பறிக்கிறாள். (சௌதா: "அதுவரைக்கும் இருப்பாளா?")

முடிவு இரண்டு: வேகவைத்துச் சாப்பிடுகிறாள். வீக்கம் கொஞ்சம் வடிகிறது. பயறு தீர்ந்துபோகிறது. அதற்கப்புறம்—

பங்கு போடலாமே என்பீர்கள். இருப்பது ஒரு பிடி. இரண்டுக்கும் காணாது.

இரண்டு முடிவையும் ஒரே மத்தியானத்தில் எழுதினேன், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு. வெட்கமாக இருக்கிறது.

சீதாலெட்சுமி படத்தை வாங்கி வெகுநேரம் பார்க்கிறாள். வாளி திரும்பும் வளைவை விரலால் தடவுகிறாள்.

"அழகா இருக்குங்க," என்கிறாள். "எனக்கும் விதைக்கணும்னுதான் இருக்கு. ஆனா இப்பப் பசிக்குது."

இராமலிங்கம் பயறைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். அவளைப் படுக்கவைத்தவன் நான். இதற்கு மேல் நான் வாய் திறப்பது நியாயமில்லை. நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.