ஆறாவது இலக்கம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் மூளையைக் கசக்கிப் பிடித்ததல்ல. எங்கள் கட்டடத்து லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுபோனதால் கிடைத்தது. கையில் காய்கறிப் பையோடு முப்பத்தைந்து நிமிடம் உள்ளே நின்றேன். மேலே மெஷின் அறையில் பிரேக்கைக் கையால் தளர்த்தி, பெரிய சக்கரத்தை அங்குலம் அங்குலமாகச் சுற்றி, என்னை மூன்றாம் மாடிக்கு இறக்கிக் கதவைத் திறந்துவிட்டவர்தான் இந்தக் கதையின் நாயகர்.

மன்னிப்புக் கேட்பார் என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். அவர் கையில் ஒட்டிய கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"மேடம், நீங்க கம்ப்யூட்டர்ல எழுதறவங்கதானே? ஒரு சந்தேகம். ஃபோனுக்கு வர்ற கோடு நம்பர நாம வேணும்னே தப்பா அடிச்சா, அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சுருமா?"

தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "ஏன்?" என்று கேட்டுவிட்டேன்.

2

தொடக்கங்கள். மூன்று எழுதினேன், மூன்றையும் இங்கேயே வைத்துவிடுகிறேன்.

'மனைவி வீட்டைவிட்டுப் போய் இருபது நாளாகியிருந்த அந்தச் சோகமான காலையில் அவர்' — வேண்டாம். அழுமூஞ்சித் தொடக்கம். அவர் அழவுமில்லை.

'எதற்கெடுத்தாலும் இணையக் கணக்கு தொடங்கச் சொல்லும் இக்காலத்தில் தனிமனிதனின் அந்தரங்கம் என்பது' — இது கட்டுரை. நானே இரண்டாம் வரியில் கொட்டாவி விட்டேன்.

'அந்த மென்பொருள் பதினொரு வருடம் வாயே திறக்கவில்லை.' இது தேவலை. இதில் ஏறிப் போகலாம்.

3

பெயர் வைக்கும் இடத்தில் ஒரு தகராறு.

"உங்க பேரு?" என்று கேட்டேன்.

"பேரு எதுக்கு மேடம்?"

"கதைக்குத்தான்."

"அந்த சாஃப்ட்வேர்காரங்களும் இப்படித்தான் ஆரம்பிச்சாங்க. மொதல்ல பேரு, அப்புறம் பொறந்த தேதி, அப்புறம் ஃபோன் நம்பரு. கடைசில என் வீட்டுக் கணக்க நான் பாக்க முடியல."

எனக்குச் சுருக்கென்றது. வாசகரே, அதனால் இந்தக் கதையில் அவர் மெக்கானிக். அவ்வளவுதான். நானும் ஒரு பதிவுப் படிவத்தை நீட்டப் போவதில்லை.

4

அந்த மென்பொருள் பதினொரு வருடம் வாயே திறக்கவில்லை. வீட்டுக் கணக்கு எழுத, கடையில் குறுந்தட்டாக வாங்கிக் கணினியில் ஏற்றியது. வரவு, செலவு, தலைப்பு, குறிப்பு என்று நாலு பத்தி. ஞாயிறு காலை பத்து மணிக்கு மெக்கானிக்கின் மனைவி பில்களை ஒவ்வொன்றாக வாசிப்பார், மெக்கானிக் ஒற்றை விரலால் அடிப்பார். மனைவிக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. எண்ணை வாசித்தால் அதைத் திருப்பிச் சொல்ல வைப்பார். சொன்ன பிறகுதான் அடுத்த பில்.

மெக்கானிக்குக் குறிப்பேட்டுப் பழக்கம். லிஃப்ட் எந்தக் காரணத்தால் நின்றாலும் அதை ஒரு தலைப்பின் கீழ் எழுதியாக வேண்டும்: கதவு, கயிறு, மின்சாரம், மனிதத் தவறு. தலைப்பில்லாத பழுது என்று ஒன்று அவருடைய தொழிலில் கிடையாது. அதே கையோடு வீட்டுச் செலவுக்கும் நாற்பத்தோரு தலைப்பு வைத்திருந்தார்.

[இங்கே அவருடைய குழந்தைப் பருவத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதி நீக்கிவிட்டேன். எல்லாம் நானே கட்டியது. அவர் அதைப் பற்றிப் பேசவேயில்லை.]

ஐம்பத்திரண்டாம் வயதில் மனைவி நீச்சல் வகுப்பில் சேர்ந்தார். முழங்கால் வலியா, டாக்டர் சொன்னாரா? ஒன்றுமில்லை. ஆசை. ஒரு ஞாயிறு மெக்கானிக் அவசர அழைப்பில் போயிருந்தபோது, மனைவியே கணினி முன் உட்கார்ந்தார். நீச்சல் கட்டணத்துக்கு எதிரே தலைப்புப் பத்தியில் கணவர் எழுதியிருந்தது: தண்டச் செலவு.

அதே தலைப்பில் மேலும் மூன்று வரி இருந்தன. கம்பி உடைந்த குடை, போக்குவரத்து அபராதம், ஒருநாளும் எரியாத டார்ச்.

மெக்கானிக் வீட்டுக்கு வந்தபோது பெட்டி வாசலில் இருந்தது.

"குடைக்கும் அபராதத்துக்கும் நடுவுல என்னை வெச்சிருக்கீங்க."

"உன்னை இல்ல, அந்த ஃபீஸைத்தான். வேற தலைப்பு எதுவும் பொருந்தலயே."

(சத்தியமாகச் சொல்கிறேன், இந்த இடத்தில் நான் பாத்திரத்தின் மண்டையில் ஒரு குட்டு வைக்க நினைத்தேன். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. நாற்பத்தொன்றிலும் தேடியிருக்கிறார்.)

"அக்கா வீட்டுக்குப் போறேன். அந்த வரிய மாத்திட்டு, ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க. அப்புறம் வர்றதப் பத்திப் பேசலாம்."

"தப்புத்தான். இப்பவே சொல்றேன், தப்புத்தான்."

"எழுதினத எழுத்தாலதான் திருத்தணும். வாயால சொல்றது காத்தோட போயிடும்."

பிழை திருத்துபவர் வேறு எப்படிப் பேசுவார்?

5

ஆண்பிள்ளை வீம்புக்கு ஒன்பது நாள். பத்தாம் நாள் இறங்கிவந்து கணினியைத் திறந்தார். மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு புதுச்சட்டை போட்டு நின்றது. கணக்கைப் பார்க்க வேண்டுமென்றால் இனி இணையத்தில் ஒரு கணக்கு தொடங்க வேண்டுமாம். 'பிறகு' என்று ஒரு பொத்தான் இருக்கிறதா என்று திரை முழுக்கத் தேடினார். இல்லை. பதினொரு வருடக் கணக்கு அவர் மேசையிலேயே, அவர் கணினிக்குள்ளேயே இருந்தது. திறக்கத்தான் முடியவில்லை.

உதவி எண்ணை அழைத்தார். நாற்பது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு குரல் வந்தது.

"எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான் சார்."

"யார்கிட்டருந்து பாதுகாப்பு?"

"வெளியாட்கள்கிட்டருந்து சார்."

"என் வீட்டு ரூமுக்குள்ள இதுவரைக்கும் வந்த ஒரே வெளியாள் நீங்கதாங்க."

"பதிவு செஞ்ச நம்பருக்கு ஆறு இலக்க ஓடிபி கோடு வரும் சார். அத அடிச்சா போதும்."

பதிவு செய்த எண். அங்கேதான் ஐயா மாட்டிக்கொண்டார். பதினொரு வருடத்துக்கு முன்னால் இதை வாங்கியபோது, கண்ட கம்பெனிக்கெல்லாம் என் நம்பரைக் கொடுப்பேனா என்று சாமர்த்தியமாக மனைவியின் எண்ணைக் கொடுத்திருந்தார்.

6

கோடு அறுபது நொடி செல்லும். மூன்று முறை தவறினால் மறுநாள்வரை பூட்டு. ஆக, ஒரு நாளைக்கு மூன்று நிமிடம்.

முதல் நாள் மனைவியின் ஃபோனை அவருடைய அக்கா எடுத்தார்.

"தம்பி, அவ பேசமாட்டாளாம்."

"பேச வேணாம்க்கா. இப்ப வந்திருக்கற நம்பர மட்டும் வாசிக்கச் சொல்லுங்க."

ஃபோன் கைமாறும் சத்தம். பிறகு மனைவி:

"இத யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கே."

"நான் யாரோவா?"

"அதத்தான் யோசிச்சுட்டிருக்கேன்."

அறுபது நொடி முடிந்தது.

மறுநாள் மனைவி ஒரு நிபந்தனை வைத்தார். எந்தத் தலைப்புக்கு மாற்றப் போகிறார் என்று முதலில் சொல்ல வேண்டும். பிடித்திருந்தால் கோடு.

"உடல்நலம்," என்றார் மெக்கானிக்.

"எனக்கு என்ன நோயா?"

"கல்வி?"

"பரீட்சையா எழுதப் போறேன்?"

"பொழுதுபோக்கு!"

"எனக்குப் பொழுது போகலன்னு உங்ககிட்ட வந்து அழுதேனா?"

பூட்டு. அடுத்த நாளும் பூட்டு. ஆனால் பாருங்கள், ஏழெட்டு நாள் போனதும் அந்த மூன்று நிமிடத்தில் தலைப்புப் பேச்சு குறைந்துவிட்டது. தண்ணீரில் முதல்முறை காலைத் தூக்கியபோது செத்தேன் என்று நினைத்ததை மனைவி சொன்னார். மல்லாந்து மிதந்தால் காதுக்குள் தன் மூச்சு மட்டும் கேட்கிறதாம். தன்கூட நீந்த வருபவர் எழுபது வயதுக்காரராம். மெக்கானிக், "அப்புறம்?" என்று கேட்டார். பதினொரு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அந்தச் சொல்லைச் சொன்னதெல்லாம் அடுத்த பில்லுக்காகத்தான்.

பத்தாம் நாள் அவர் சொன்னார்: "தலைப்பே வேணாம். உன் பேர மட்டும் போடறேன். நீ எதுக்குச் செலவு பண்ணாலும் அதுல போகட்டும். காரணம் கேக்கமாட்டேன்."

அன்றைக்கு மிச்சமிருந்த மூன்றாவது கோடு வந்து விழுந்தது. மனைவி ஆறு எண்ணையும் நிதானமாக வாசித்தார். வழக்கம்போல் திருப்பிச் சொல்ல வைத்தார். மெக்கானிக் திருப்பிச் சொன்னார், ஆறும் சரி.

ஐந்தைச் சரியாக அடித்தார். ஆறாவதை வேண்டுமென்றே மாற்றி அடித்தார்.

7

இதைத்தான் அவர் எங்கள் கட்டடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"உங்களுக்குப் பைத்தியமா? அடிச்சிருந்தா அவங்க வந்திருப்பாங்களே!"

"வந்திருப்பா மேடம். வந்து, ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு பில்லு வாசிப்பா. நான் அடிப்பேன். பேச்சு நின்னுரும்." துணியை மடித்துப் பையில் வைத்தார். "அவ வீட்ல இல்லாதது கஷ்டமா இருக்கு. வந்துட்டா இது போயிடுமோன்னு பயமாவும் இருக்கு. இது எந்தத் தலைப்புன்னே தெரியல எனக்கு."

நான் மெல்ல என் ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். ஏனென்றால் அவர் சொல்லச் சொல்ல அதில் நான் எடுத்த குறிப்புகள் 'சில்லறை நகைச்சுவை' என்ற கோப்புறையில் கிடந்தன. அவர் கேட்பதற்குமுன் எடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கேட்டார்:

"என் கதைய எங்க போட்டிருக்கீங்க மேடம்?"

"இன்னும் தலைப்பு வைக்கல," என்று புளுகினேன். அன்று மாலை எடுத்துவிட்டேன் என்பதை இங்கே எழுத்தால் திருத்திவைக்கிறேன்.

(இதை அனுப்பப்போகும் பத்திரிகையும் இணையக் கணக்கு தொடங்கச் சொல்கிறது. காதல், குடும்பம், சமூகம், நகைச்சுவை என்று ஒரு பட்டியல் நீட்டி, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறது. 'பிறகு' என்ற பொத்தான் அங்கேயும் இல்லை.)

8

முடிவுகள்.

அ) மெக்கானிக் சரியாக அடிக்கிறார், வரி மாறுகிறது, மனைவி பெட்டியோடு வருகிறார், எங்கள் லிஃப்டும் ஓடுகிறது. அவரிடம் வாசித்துக் காட்டினேன். "சரி, அப்புறம் ஞாயித்துக்கிழமை?" என்றார். கிழித்தேன்.

ஆ) மென்பொருள் நிறுவனம் திவாலாகிக் கதவை இழுத்துச் சாத்துகிறது. இது கதைக்காக எழுதியதல்ல, என் வயிற்றெரிச்சலுக்கு எழுதியது. போன மாதம் என்னையும் அது வெளியே நிறுத்தியிருந்தது.

இ) நடந்தது.

லிஃப்டுக்குப் புதுக் கதவு சென்சார் பொருத்த அவர் மறுநாள் வந்தபோது சொன்னார். முந்தின நாள் மாலை வழக்கம்போல் அழைத்திருக்கிறார். மனைவி ஐந்து எண்ணை வாசித்து நிறுத்தியிருக்கிறார்.

"நேத்து கடைசி நம்பர் என்ன போட்டீங்க?"

மெக்கானிக் விசைப்பலகையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார்.

"பிழை திருத்தறவ நான். நீங்க திருப்பிச் சொன்னது சரி. நான் வாசிச்சதும் சரி. அப்புறம் எப்படித் தப்பாகும்?"

தண்டச் செலவைப் பார்த்த அன்றைக்கு வந்த குரல் வரப்போகிறது என்று காத்திருந்தாராம். வந்தது வேறு குரல்.

"இன்னைக்குக் கடைசி நம்பர் ஏழு. ஏழு போட்டா நாளைக்கு வர்றேன். ஞாயித்துக்கிழமை பில்லு வாசிக்கமாட்டேன், அத இப்பவே சொல்லிட்டேன். உக்காந்து பேசத் தெம்பிருந்தா ஏழு போடுங்க. இல்லன்னா எட்டு போடுங்க. நாளைக்கு எனக்கு வகுப்பு ஆறு மணிக்குத்தான் முடியும், அதுக்கப்புறம் கூப்பிடுங்க."

"எத அடிச்சீங்க?" என்று கேட்டேன். நான்காம் மாடியில், அவர் லிஃப்டுக்குள்ளிருந்து கையால் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் சிரித்தார். முதல்முறையாகப் பார்க்கிறேன், முன்பல் ஒன்று லேசாக உடைந்திருந்தது.

"இதுக்கு மேல உங்களுக்கு அனுமதி இல்ல மேடம்," என்று சொல்லிவிட்டு, கையை உள்ளே இழுத்துக்கொண்டார். கதவு மூடிக்கொண்டது.

நியாயம்தான். உரிமையாளர் அவர், நான் எட்டிப் பார்த்தவள். ஆனால் வாசகரே, உங்களிடம் யாரும் பெயர் கேட்கவில்லை, எண் கேட்கவில்லை. ஐந்து இலக்கம் ஏற்கெனவே அடித்தாயிற்று. மெக்கானிக்கின் விரல் ஏழுக்கும் எட்டுக்கும் மேலே நிற்கிறது. அந்தப் பக்கம் ஒருவர் ஃபோனைக் காதில் வைத்துக் காத்திருக்கிறார், தலைமுடி இன்னும் காயவில்லை. பதினான்கு நொடி இருக்கிறது. நீங்கள் அடியுங்கள்.